வேகமாகத் தட்டினால் வரும் பிழை

1986 மார்ச் 21. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊரிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையில் ஒருவர் கதிர்வீச்சு சிகிச்சைக்காகப் படுத்திருந்தார். எந்திரத்தின் பெயர் தெராக்-25. கனடாவின் ஏ.இ.சி.எல். நிறுவனம் செய்தது. எக்ஸ்ரே, எலக்ட்ரான் கற்றை என்று இரண்டு விதமாகவும் அதை ஓட்டலாம். அடுத்த அறையில் டெக்னீஷியன் கீபோர்டில் விவரங்களைத் தட்டினார். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேதான் என்பதால் கைப்பழக்கத்தில் ‘எக்ஸ்’ விசையைத் தட்டிவிட்டார். அன்றைக்கு வேண்டியது எலக்ட்ரானுக்கான ‘இ’. உடனே கவனித்துவிட்டார். கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார். மற்ற விவரமெல்லாம் சரியாக இருந்ததால் ரிட்டர்ன் விசையை மடமடவென்று அழுத்திக் கடைசி வரிக்கு வந்து கற்றையை ஓடவிட்டார்.

எந்திரம் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று சொல்லி நின்றது. சின்னச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் இப்படி நிற்பது அதன் வழக்கம். திரையில் பார்த்தால் கொடுக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகவே கதிர்வீச்சு போயிருப்பதாகக் காட்டியது. ஆகவே தொடரச் சொல்லும் விசையை அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 180 ராட் கதிர்வீச்சு. கிடைத்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கலாம் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஐந்து மாதங்களில் அவர் இறந்துபோனார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். எதுவும் சிக்கவில்லை. இந்த எந்திரம் அளவு மீறிக் கொடுக்க வாய்ப்பே இல்லை என்றார்கள். எந்திரம் மறுபடியும் வேலைக்கு வந்தது. ஏப்ரல் 11ஆம் தேதி அதே மருத்துவமனையில், அதே டெக்னீஷியனின் கையில், அதே 54 இன்னொருவருக்கு நேர்ந்தது. அவரும் பிழைக்கவில்லை. இந்தத் தடவை மருத்துவமனையின் இயற்பியலாளர் விடவில்லை. டெக்னீஷியனை உட்காரவைத்து, அன்று தட்டியதையெல்லாம் திரும்பத் திரும்பத் தட்டவைத்தார். கடைசியில் பிடிபட்டது. தட்டிய எழுத்துகளில் ஒன்றுமில்லை, தட்டிய வேகத்தில் இருந்தது விஷயம். இதைக் கேட்டுத் தங்கள் இடத்தில் முயன்ற நிறுவனத்தின் பொறியாளருக்கு முதலில் பிழை வரவேயில்லை. வேகமாகத் தட்ட வேண்டும் என்று விளக்கிய பிறகுதான் வந்தது.

தெராக்-25இன் மென்பொருள் ஒரே சமயத்தில் பல வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு வேலை கீபோர்டைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று எந்திரத்தைத் தயார்செய்யும். நினைவகத்தில் உள்ள சில பொது மாறிகள் வழியாக இரண்டும் தகவல் மாற்றிக்கொள்ளும். கர்சர் கடைசி வரியைத் தொட்டதுமே, விவரம் எல்லாம் வந்தாயிற்று என்று கீபோர்டு வேலை ஒரு குறி போட்டுவிடும். அதைக் கண்டதும் மற்ற வேலை, கற்றையை வளைக்கும் காந்தங்களைச் சரிசெய்யத் தொடங்கும். அதற்கு ஏறத்தாழ 8 விநாடி பிடிக்கும். அந்த 8 விநாடிக்குள் யாராவது மேலே போய்த் திருத்திவிட்டுத் திரும்பிவிட்டால், திருத்தம் திரையில் தெரியும், காந்தங்களைக் கவனிக்கும் வேலைக்குத் தெரியாது. நோயாளிக்கு முன்னால் உள்ள சுழல்தட்டு எலக்ட்ரானுக்கு உரிய இடத்தில் நிற்கும். கற்றையோ எக்ஸ்ரேக்கு உரிய வலிமையில், ஏறத்தாழ நூறு மடங்கு கூடுதலாகப் பாயும்.

டெக்னீஷியன் புதியவராக இருந்தபோது இந்தப் பிழை வந்திருக்க வாய்ப்பில்லை. தேர்ச்சி பெற்று, கை வேகமான பிறகுதான் 8 விநாடிக்குள் திருத்தி முடிக்க அவரால் முடிந்தது.

மென்பொருளைச் சோதிக்கும் எவரும் இன்ன உள்ளீடு கொடுத்தால் இன்ன விடை வர வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் தட்டிய எழுத்துகள் இருக்கும். எந்த விநாடியில் தட்டினார்கள் என்பது இருக்காது. பல வேலைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஓடும் மென்பொருளில் நேரமும் ஓர் உள்ளீடுதான். கட்டுப்படுத்த முடியாத, பெரும்பாலும் பார்க்கவும் முடியாத உள்ளீடு. இத்தகைய மென்பொருளின் தலைவலிகள் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

இப்படி ஓடும் ஒவ்வொரு வேலையையும் புரொகிராமர்கள் த்ரெட் என்பார்கள். ஒரே புரொகிராமுக்குள் பல த்ரெட்கள் ஒரே நினைவகத்தைக் கையாளும். தெராக்-25இல் இருந்தது ஒரே ஒரு பழைய பி.டி.பி.-11 கணினி. அந்த ஒற்றைச் செயலியே வேலைகளுக்கு இடையே மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. பிழை வர அதுவே போதுமானதாக இருந்தது. இன்று நிலைமை இன்னும் மோசம் என்று சொல்லலாம். செயலிகளின் கடிகார வேகம் 2004 வாக்கில் ஏறக்குறைய நின்றுபோனது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ வெளியிடும் திட்டத்தை இன்டெல் அந்த ஆண்டு கைவிட்டது. அதற்குப் பிறகு வேகம் வேண்டுமென்றால் ஒரே சில்லுக்குள் கோர் எனப்படும் தனித்தனிச் செயலிகளைக் கூட்டுவதுதான் வழி என்றாயிற்று. கையிலுள்ள மொபைலில்கூட எட்டு கோர் இருப்பது சாதாரணம். அத்தனையையும் பயன்படுத்த வேண்டுமானால் வேலையைப் பிரித்துத் தர வேண்டும். த்ரெட்கள் எழுதுவது முன்பு சில நிபுணர்களின் வேலை. இப்போது அது எல்லார் தலையிலும் விழுந்துவிட்டது.

சிக்கல் எவ்வளவு சிறிய இடத்திலும் புகும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு எண்ணிக்கையைக் கூட்டுவது. ஒரு மாறியில் ஒன்றைக் கூட்டு என்று ஒற்றை வரியில் எழுதுகிறோம். செயலிக்கு அது மூன்று வேலை: மதிப்பைப் படி, ஒன்றைக் கூட்டு, திரும்ப எழுது. மதிப்பு 5 இருக்கும்போது இரண்டு த்ரெட்களும் படித்துவிட்டால், இரண்டுமே 6 என்று எழுதும். இரண்டு தடவை கூட்டியும் ஒன்றுதான் கூடியிருக்கும். ஆளுக்கு ஒரு லட்சம் தடவை கூட்டச் சொல்லி ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு லட்சம் வராது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும். சில சமயம் சரியாக இரண்டு லட்சமே வந்து தொலைக்கும். அதுதான் ஆபத்து.

இன்னொரு வகை, பார்த்துவிட்டுச் செய்வது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. மாமியார் ருசி பார்க்கிறார், உப்பு இல்லை. உப்பு ஜாடியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்புகிறார். அந்த இடைவெளியில் மருமகள் வந்து ருசி பார்க்கிறாள், உப்பு இல்லை, தன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மாமியாரும் வந்து போடுகிறார். இரண்டு பேர் பார்த்ததும் சரி, செய்ததும் சரி. குழம்பு மட்டும் கரித்துப் போயிற்று. பார்த்ததற்கும் செய்ததற்கும் நடுவே உலகம் மாறிவிடலாம் என்பதை மறந்த கோட், பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களிலும் தினமும் எழுதப்படுகிறது. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும் இந்த நிலையைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறோம்.

த்ரெட்கள் எத்தனை விதமாகக் கலந்து ஓடலாம் என்பதை எண்ணிப் பார்த்தால் சோதனையின் எல்லை புரியும். ஆளுக்குப் பத்துப் படிகள் கொண்ட இரண்டு த்ரெட்கள் 1,84,756 விதமாகக் கலக்கலாம். ஆளுக்கு இருபது படி என்றால் 13,784 கோடிக்கு மேல். பத்துப் படிகள் கொண்ட த்ரெட்கள் மூன்று என்றால் ஐந்தரை லட்சம் கோடியைத் தாண்டும். நிஜமான புரொகிராமில் படிகள் கோடிக்கணக்கில். ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துப் பிழை வரவில்லை என்றால், அந்த ஆயிரம் கலவைகளில் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். அந்த ஆயிரமும் பெரும்பாலும் ஒரே மாதிரியான கலவைகளாகவே இருக்கும், ஏனென்றால் ஓட்டியது ஒரே மெஷினில், அதே சுமையில். ‘என் மெஷின்ல சரியாத்தானே ஓடுது’ என்று அலுவலகங்களில் காதில் விழும் வசனம் பல சமயம் பொய்யல்ல, முழு உண்மை.

ஆக, பூட்டு வேண்டும். ஒரு த்ரெட் பொதுத் தரவைத் தொடும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களிலேயே இதற்கான கருவிகளை உருவாக்கிவிட்டார். ஆனால் பூட்டுகள் தம் பங்குக்குப் புதிய நோய்களைக் கொண்டுவருகின்றன. முதல் த்ரெட் அ என்ற பூட்டை எடுத்துக்கொண்டு ஆ-வுக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது ஆ-வை வைத்துக்கொண்டு அ-வுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் அசையாது. இதுதான் டெட்லாக். எல்லாப் பூட்டுகளையும் எல்லாரும் ஒரே வரிசையில் எடுத்தால் வராது என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் நாம் ஒரு பூட்டை வைத்துக்கொண்டு வேறொருவர் எழுதிய ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். அது உள்ளே எந்தப் பூட்டை எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பூட்டு செய்த இன்னொரு கூத்து செவ்வாயில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே மறுபடி மறுபடி ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் திரட்டும் த்ரெட் முக்கியத்துவத்தில் கீழ்ப்படியில் இருந்தது. கருவிகளுக்கு இடையே தகவல் பரிமாறும் த்ரெட் மேல்படியில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு. கீழ்ப்படி த்ரெட் பூட்டை எடுத்த கணத்தில் மேல்படி த்ரெட் வந்து காத்திருக்கும். அதில் தவறில்லை, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். ஆனால் பூட்டே தேவையில்லாத நடுத்தர த்ரெட்கள் குறுக்கே வந்து, கீழ்ப்படியை ஒதுக்கிவிட்டுச் செயலியைப் பிடித்துக்கொண்டன. கீழ்ப்படி ஓடினால்தான் பூட்டை விடும், நடுத்தரங்கள் அதை ஓடவிடவில்லை. முக்கியமான மேல்படி வேலை, நடுத்தர வேலைகளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. உரிய நேரத்தில் அது முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு, ஏதோ பெரிய கோளாறு என்று கணினியை ரீசெட் செய்தது.

பூமியிலிருந்த நகல் கணினியில் பொறியாளர்கள் இதை வரவழைத்துப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்கள். மருந்து முன்பே தயாராக இருந்தது. மேல்படி த்ரெட் காத்திருக்கும்வரை, பூட்டை வைத்திருக்கும் கீழ்ப்படிக்குத் தற்காலிகமாக மேல்படியின் முக்கியத்துவத்தையே கொடுத்துவிடும் முறை. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதை முறைப்படி விளக்கியது. இவர்களில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர். பாத்ஃபைண்டரின் இயக்கமுறைமையில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது, குறிப்பிட்ட பூட்டுக்கு அணைத்து வைத்திருந்தார்கள். செவ்வாய்க்குக் கட்டளை அனுப்பி அதை இயக்கிவிட்டதும் ரீசெட் நின்றது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு செய்தி. ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே இதே ரீசெட் ஓரிரு தடவை தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முடியாததால் வேறு வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்ப வராத பிழையை யாரால் எத்தனை நாள் துரத்த முடியும்?

திரும்ப வராதது மட்டுமல்ல, பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளவும் செய்யும். எங்கே தவறுகிறது என்று அறிய நடுநடுவே ஒரு பிரின்ட் வரி போடுவது எல்லாப் புரொகிராமர்களின் பழக்கம். அந்த பிரின்ட் வரியே சில மைக்ரோ விநாடிகளைத் தின்னும். உள்ளே ஒரு பூட்டையும் எடுக்கும். போதும், கலவை மாறிவிடும், பிழை மறைந்துவிடும். வரியை நீக்கினால் வந்துவிடும். அளக்கப் போனால் அளக்கப்படுவதே மாறும் என்ற கருத்தோடு சேர்த்துப் பேசப்படும் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரைச் சேர்த்து இவற்றை ஹைசன்பக் என்பார்கள். கணினி அறிஞர் ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் வருகிறது. பிழை தேட உதவும் டீபக்கரில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் இப்படித்தான் கையை விரித்துவிடும்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் 5 கோடிப் பேர் இருட்டில் மூழ்கினார்கள். மரக்கிளைகளில் உரசி மின்கம்பிகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தது ஒரு காரணம். ஒஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் அது தெரியாமல் போனது இன்னொரு காரணம். பிற்பகல் 2:14க்கு அங்கே எச்சரிக்கை தரும் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. மணி அடிக்காதவரை எல்லாம் நலம் என்று இருப்பதுதானே அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வழக்கம். 4:10 வாக்கில் கட்டமைப்பே சரிந்தது.

மென்பொருள் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எக்ஸ்ஏ/21. அதன் எச்சரிக்கைப் பகுதி மட்டுமே ஏறத்தாழ பத்து லட்சம் வரி கோட். பல இடங்களில் சேர்த்து 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது, இப்படி ஒன்று வந்ததே இல்லை. வாரக்கணக்கில் தேடிய பொறியாளர்கள் கடைசியில் கோடுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைச் செருகி, மெதுவாக்கி ஓட்டி, எச்சரிக்கைகளை வரிசையாக ஊட்டினார்கள். அப்போதுதான் அகப்பட்டது. ஒரே தரவில் எழுத இரண்டு வேலைகளுக்கு ஒரே கணத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. தரவு கெட்டு, எச்சரிக்கை தரும் வேலை முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. அந்தக் கணத்தின் அகலம் சில மில்லி விநாடிகள். டைலரில் வேகமாகத் தட்டினால் வந்தது, இங்கே மெதுவாக ஓட்டினால் வந்தது.

இதுவரை சொன்னதிலெல்லாம் கோட் எழுதிய வரிசையிலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டோம். அதுகூட உண்மையில்லை. அ, ஆ இரண்டு மாறிகள், இரண்டிலும் 0. முதல் த்ரெட் அ-வில் 1 எழுதிவிட்டு ஆ-வைப் படிக்கிறது. இரண்டாவது ஆ-வில் 1 எழுதிவிட்டு அ-வைப் படிக்கிறது. எப்படிக் கலந்தாலும் ஒருவராவது 1-ஐப் பார்த்தாக வேண்டும் என்று காகிதத்தில் நிரூபிக்கலாம். சாதாரண இன்டெல் செயலியில் இரண்டும் 0-வைப் பார்க்க முடியும். எழுதியதை உடனே நினைவகத்துக்கு அனுப்பாமல் ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு சிறு வரிசையில் வைத்துக்கொள்வதே காரணம். கோடைச் செயலிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரும் வேகத்துக்காக வரிகளை முன்பின் மாற்றும். ஒற்றை த்ரெட்டுக்கு வித்தியாசம் தெரியாதபடி மாற்றும், பக்கத்து த்ரெட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எவையெல்லாம் மாறலாம், எவை கூடாது என்ற விதிகளை ஜாவா 2004இல்தான் ஒழுங்காக எழுதியது. சி++ மொழிக்கு அது 2011 வரை ஆயிற்று. அதற்குமுன் எழுதிய எத்தனையோ சி++ கோட், எந்த உத்தரவாதமும் இல்லாமல் செயலியின் தயவில் ஓடியது.

கவனமாக எழுதினால் தப்பிக்கலாம் என்பவர்களுக்கு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் லீ 2006இல் ஒரு கதை சொன்னார். அவருடைய குழு 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மென்பொருளை எழுதியது. நிபுணர்கள் சேர்ந்து கோடைப் பரிசீலித்தார்கள். ஒவ்வொரு இரவும் சோதனை ஓடியது. சோதனைகள் தொடாத வரி ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டுகள் பிரச்சினையே இல்லை. 2004 ஏப்ரல் 26 அன்று டெட்லாக் ஆகி நின்றது. பகிரப்பட்ட நினைவகத்தோடு த்ரெட்கள் என்ற அடிப்படையையே கைவிட வேண்டும் என்பது லீயின் வாதம். மிகையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் நம்பிக்கை தரும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. ஷான் லூ உள்ளிட்ட இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைஎஸ்கியூஎல், அப்பாச்சி, மொசில்லா, ஓபன்ஆபீஸ் ஆகிய மென்பொருள்களில் நிஜமாக வந்த 105 பிழைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அவற்றில் 96 சதவீதம் வெறும் இரண்டு த்ரெட்களின் வரிசையை நிர்ணயித்தாலே கட்டாயம் வரவழைக்கக்கூடியவை. 92 சதவீதத்துக்கு நினைவகத்தை நான்கு தடவைக்குள் தொடும் வரிசை போதும். லட்சம் கோடிக் கலவைகளில் தொலைந்தது போலிருந்தாலும், பிழைகள் தம்மளவில் எளியவை. டெட்லாக் அல்லாதவற்றில் பூட்டைச் சேர்த்தோ மாற்றியோ சரிசெய்யப்பட்டவை நான்கில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். மற்றவற்றுக்கு வேறு வழிகள் தேவைப்பட்டன. பூட்டு போட்டால் தீர்ந்தது என்று நினைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம்.

இன்றைய கருவிகள் பலவும் இந்த எளிமையை நம்பியே வேலை செய்கின்றன. மைக்ரோசாஃப்டில் உருவான செஸ், எந்த த்ரெட் எப்போது ஓட வேண்டும் என்பதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சில மாற்றங்களே கொண்ட கலவைகளை முறையாக ஓட்டிப் பார்த்தது. கூகுளின் த்ரெட்சானிடைசர், விடை தவறியதா என்று பார்ப்பதில்லை. இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தை ஒழுங்கில்லாமல் தொட்டனவா என்று பார்க்கிறது. அதனால் அன்றைக்கு அதிர்ஷ்டவசமாகச் சரியாக ஓடிய கோடிலும் குற்றத்தைப் பிடித்துவிடும். புரொகிராம் ஐந்து முதல் பதினைந்து மடங்கு மெதுவாகும் என்பது அதற்கான விலை. மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற கருவி, ஓடியதை அப்படியே பதிந்துவைத்து அதே வரிசையில் எத்தனை தடவையும் திரும்ப ஓட்டும். ஒரே ஒரு தடவை சிக்கினால் போதும், பிழையைச் சாவகாசமாக ஆராயலாம். ரஸ்ட் மொழி இன்னும் முன்னால் போய், ஒழுங்கில்லாமல் பகிரும் கோடைக் கம்பைல் ஆகவே விடுவதில்லை. ஆனால் அதிலும் டெட்லாக் தாராளமாக எழுதலாம்.

இப்போது நடந்துகொண்டிருக்கும் பெரிய பரிசோதனை பைதானில். 1990களின் தொடக்கத்திலிருந்தே அதற்குள் ஒரு பெரிய பூட்டு உண்டு. எத்தனை த்ரெட்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைதான் கோடை ஓட்டும். மெதுவானதுதான், ஆனால் அந்தப் பூட்டின் நிழலில் முப்பது ஆண்டுகளாக லட்சக்கணக்கானோர் நிம்மதியாக எழுதினார்கள், அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாமல். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில், அது இல்லாமல் ஓடும் ஒரு வடிவம் சோதனையாக வெளிவந்தது. 2025இன் 3.14இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவும் கிடைத்தது. சி மொழியில் எழுதப்பட்ட பழைய துணைத் தொகுப்புகள்தான் பிரச்சினை. பூட்டு இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை அவை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பூட்டு இல்லாமலும் நான் ஓடுவேன் என்று ஒரு தொகுப்பு தானாக அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காத ஒன்றை இறக்கினால், பைதான் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, புரொகிராம் முழுவதற்கும் பழைய பூட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். அறிவித்த தொகுப்பு சொன்னபடி நடக்குமா என்பதைப் பைதான் சரிபார்ப்பதில்லை. எழுதியவரின் வார்த்தையை அப்படியே நம்புகிறது.